292-க்கு 37.1 சரி, 295-க்கு எத்தனை?

நீங்கள் கேட்டது இது. 2023 ஆசியக் கோப்பையில், லாகூரில் இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் 292 ரன்னை 37.1 ஓவருக்குள், அதாவது 37 ஓவரும் ஒரு பந்தும் முடிவதற்குள், எடுத்தால்தான் அடுத்த சுற்று என்றார்கள். அந்தப் பந்தில் விக்கெட் போனதும் எல்லாம் முடிந்தது என்று ஆடினவர்களே நினைத்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்தபிறகு, இல்லை, 38.1 வரைக்கும் வாய்ப்பு இருந்தது என்று செய்தி வந்தது. இதில் எது சரி, ஜெயிக்க 292 போதும் என்கிறபோது 295, 297 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? கூடவே, தண்டையார்பேட்டையில் நீங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமெண்ட்டில் மூன்று டீம் ஒரே பாயிண்ட்டில் வந்து நிற்க, ஆளாளுக்கு மொபைலில் ஒரு ரன் ரேட் போட்டு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது இந்த இரண்டாவது விஷயம்தான் என்று நினைக்கிறேன், ஆனால் லாகூர் ஆட்டத்தை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். ஏனென்றால் நெட் ரன் ரேட்டில் ஜனங்கள் செய்கிற அத்தனை தப்புக்கும் அந்த ஒரு ஆட்டத்தில் உதாரணம் கிடைக்கிறது.

நான் சென்னை லீக் ஆட்டங்களுக்குப் பல வருஷமாக ஸ்கோர் எழுதுகிறவன். ஐ.சி.எஃப் பக்கம், பெரம்பூர் பக்கம் மேட்ச் நடக்கும்போது பவுண்டரிக்கு வெளியே ஒரு மேஜை போட்டு, ஆளுக்கொரு நோட்டோடு இரண்டு பேர் உட்கார்ந்து ஓவருக்கு ஓவர் 'டாலியா?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்களே, அதில் ஒருவன். அதனால் கணக்கு என்னிடம் கேட்கலாம். அந்த நேரத்தில் ஆப்கன் அணியின் கடைசி ஆட்டக்காரர் ஃபரூக்கி எந்த ஷாட் ஆடியிருக்க வேண்டும் என்று கேட்டால் அது கோச் வேலை, எனக்கு அதில் பெரிய ஞானம் கிடையாது.

முதலில் நேரடியான பதில்: 37.1 என்று சொன்னவர்களும் தப்பு சொல்லவில்லை, 38.1 என்று சொன்னவர்களும் தப்பு சொல்லவில்லை. சரியாக 292 எடுத்து நின்றால் கெடு 37.1. அதைத் தாண்டி, கடைசி அடி பவுண்டரியாகவோ சிக்ஸராகவோ போய் ஸ்கோர் 293, 294, 295 என்று ஏறினால் கெடுவும் கூடவே தள்ளிப்போகும். ஒரே ஒரு கெடு என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு முடிவு ஸ்கோருக்கும் ஒவ்வொரு கெடு. ஆப்கன் அணிக்குப் போய்ச் சேர்ந்தது அதில் முதல் வரி மட்டும்.

இப்போது அந்தப் பிரிவின் நிலவரம். மூன்றே அணிகள், மேலே வருகிற இரண்டுக்கு சூப்பர் ஃபோர் என்கிற அடுத்த சுற்று. ஆகஸ்ட் 31 அன்று பல்லேகலேயில் வங்கதேசம் 164 ஆல் அவுட், இலங்கை அதை 39 ஓவரில் 165 எடுத்து முடித்தது. செப்டம்பர் 3, லாகூர்: வங்கதேசம் 50 ஓவரில் 334, மெஹிதி ஹசன் மிராஸும் ஷான்டோவும் ஆளுக்கொரு செஞ்சுரி, ஆப்கானிஸ்தான் 245 ஆல் அவுட். செப்டம்பர் 5, அதே லாகூர்: இலங்கை 50 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 291, குசல் மெண்டிஸ் 92. ஆப்கானிஸ்தான் ஜெயித்தால் மூன்று அணிக்கும் தலா ஒரு வெற்றி, ஒரு தோல்வி. வங்கதேசத்தின் இரண்டு ஆட்டமும் முடிந்து அதன் நெட் ரன் ரேட் +0.373 என்று நிலையாகிவிட்டது, அதை எட்டுவது ஆப்கானிஸ்தானுக்கு நடைமுறையில் நடக்காத காரியம். ஆகவே சண்டை இரண்டாவது இடத்துக்கு, இலங்கையோடு.

நெட் ரன் ரேட் என்பது பெயரைக் கேட்டு பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றில் நீங்கள் அடித்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுங்கள், நீங்கள் கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். ஆல் அவுட் ஆன அணிக்கு மட்டும், எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் முழு ஓவரும் ஆடியதாகத்தான் கணக்கு. வங்கதேசத்தின் அந்த 164 வந்தது 42.4 ஓவரில், ஆனால் வகுப்பது 50-ஆல்.

இலங்கை அடித்தது 165-ம் 291-ம் சேர்ந்து 456, ஆடியது 39-ம் 50-ம் சேர்ந்து 89 ஓவர், ஓவருக்கு 5.124. ஆப்கானிஸ்தான் கொடுத்தது 334-ம் 291-ம் சேர்ந்து 625, நூறு ஓவரில், அதாவது 6.25. இந்த இரண்டு எண்ணும் அன்று சாயந்திரம் இலங்கை இன்னிங்ஸ் முடிந்தபோதே மாறாத எண்களாகிவிட்டன. மீதி இரண்டும், அதாவது ஆப்கானிஸ்தான் அடிப்பதும் இலங்கை கொடுப்பதும், ஒரே இன்னிங்ஸிலிருந்து வரப்போகின்றன. ஆப்கானிஸ்தான் எடுக்கிற ஒவ்வொரு ரன்னும் தன் கணக்கை ஏற்றுகிறது, அதே ரன் இலங்கையின் கணக்கை இறக்குகிறது, ஆக ஒரு ரன்னுக்கு இரட்டை மதிப்பு. ஓவரும் அப்படியே, ஒவ்வொரு பந்து கடக்கும்போதும் இரண்டு பக்கமும் நகர்கிறது. போட்டுப் பார்த்தால், ஒரு கூடுதல் ரன்னுக்கு கிடைக்கிற அவகாசம் ஒரு பந்துக்குத் துளி அதிகம், துல்லியமாகச் சொன்னால் 1.055 பந்து.

அந்தத் துளிதான் விளையாட்டைக் காட்டுகிறது. 292-க்கு விடை 37 ஓவரும் 1.84 பந்தும். பந்தை முழுசாகத்தான் வீச முடியும், எனவே 37.1. 293-க்கு 2.90 பந்து, அதாவது 37.2. 294-க்கு 3.95, ஏறக்குறைய நாலு, ஆனால் நாலு இல்லை, அதனால் 37.3. 295-க்கு 5.01, இங்கே மயிரிழையில் ஐந்தைத் தாண்டிவிடுகிறது, கெடு 37.5. அதாவது 294-லிருந்து 295-க்கு ஒரே ரன் வித்தியாசத்தில் இரண்டு பந்து அவகாசம் கிடைக்கிறது. 296-க்கு முழு 38 ஓவர், 297-க்கு 38.1. அதற்கு மேல் போக வழியே இல்லை, ஏனென்றால் ஸ்கோர் சமமாக 291-ல் நிற்கும்போது சிக்ஸர் அடித்தால் வருகிற 297தான் அந்த ஆட்டத்தில் வரக்கூடிய அதிகபட்சம். இந்தக் கணக்கில் எனக்குத் துளி சந்தேகமும் கிடையாது. மேலே சொன்ன ஸ்கோர்களை வைத்து நீங்களே கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஓடி எடுக்கிற ரன்னுக்கும் பவுண்டரிக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் 293 எப்படி வரும் என்று அடுத்த கேள்வி வரும். ஓடி எடுத்தால் வெற்றிக்கான ரன் முடிந்த நொடியில் ஆட்டம் முடிந்தது, அதற்கு மேல் ஓடினாலும் சேராது. ஆனால் அந்த ரன்னை ஓடி முடிப்பதற்குள் பந்து எல்லையைத் தாண்டிவிட்டால் நாலோ ஆறோ முழுசாகச் சேரும்.

சரி, இப்போது அந்த 38-வது ஓவருக்கு வருவோம். ஆப்கன் அணியின் நபி 32 பந்தில் 65 அடித்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். 37-வது ஓவரில் இலங்கையின் வெல்லலகேயை ரஷித் கான் பவுண்டரிகளாக வெளுத்ததில் 37 ஓவர் முடிவில் ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 289. ரஷித் எதிர்முனையில், ஸ்ட்ரைக்கில் முஜீப், பந்து தனஞ்செய டி சில்வா கையில். ஒரு பந்தில் மூன்று ரன் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. முஜீப் தூக்கி அடித்தார், லாங் ஆனில் கேட்ச். கடைசி ஆளாக ஃபரூக்கி வந்தார், இரண்டு பந்தைத் தடுத்து ஆடினார், நாலாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. 37.4 ஓவரில் 289 ஆல் அவுட், இரண்டு ரன்னில் தோல்வி.

மேலே உள்ள கெடுக்களை அந்தப் பந்துகளின் மேல் வைத்துப் பாருங்கள். 37.2-ல் ஃபரூக்கி ஒரு நாலு அடித்தாலே 293, உள்ளே போயிருப்பார்கள். அவர் கடைசி ஆள், நாலு அடிப்பார் என்று எதிர்பார்ப்பது ஆசைதான், அதை விடுங்கள். 37.2-ல் ஒரு சிங்கிள் தட்டியிருந்தால்? ஸ்கோர் 290, ரஷித் ஸ்ட்ரைக்கில். அடுத்த பந்தே அவர் ஒரு நாலு அடித்தால் 294, கெடு 37.3, சரியாகப் பொருந்துகிறது. அந்தப் பந்து போனாலும் அதே ஓவரின் மீதி மூன்று பந்தில் எதிலாவது ஒரு சிக்ஸர் வந்தால் 296, கெடு 38, அதுவும் பொருந்துகிறது. அதாவது 16 பந்தில் 27 ரன்னோடு நின்றுகொண்டிருந்த ரஷித்துக்கு நாலு பந்து கிடைத்திருக்கும். அந்த நாலும் கிடைக்காமல் அவர் எதிர்முனையிலேயே நின்றார். எனக்கு இந்த ஆட்டத்தில் வயிறு எரிகிற இடம் இதுதான்.

இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ஃபரூக்கி ஏன் தடுத்து ஆடினார் என்பது அவருக்குத்தான் தெரியும். வெறும் வெற்றிக்கு மூன்று ரன், கையில் 77 பந்து, ஒரு விக்கெட் பாக்கி. நிதானமாக ஜெயித்துவிடலாம் என்று ஆடினாரா, இனி என்ன இருக்கிறது என்று கை சோர்ந்ததா, வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு விளங்காது. கணக்கு தெரிந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்பதும் ஊகம். சுழல் பந்தை வந்த உடனே ஒரு வால் ஆட்டக்காரர் சிங்கிள் தட்டுவது டிவியில் தெரிகிற மாதிரி சுலபமில்லை. ஆனால் ஒன்று ஊகமில்லை: 37.1 தவிர வேறு எந்தக் கணக்கும் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அவர்கள் கோச் ஜொனாதன் ட்ராட் ஆட்டம் முடிந்ததுமே வெளிப்படையாகச் சொன்னார். யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் வருத்தம். என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. இலங்கை இன்னிங்ஸ் முடிந்து தங்கள் பேட்டிங் தொடங்குவதற்கு நடுவே இருக்கிற நேரத்தில், ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பத்து நிமிஷத்தில் இந்த ஆறு வரியை எழுதிவிடலாம். சர்வதேச அணியின் டிரெஸ்ஸிங் ரூமில் லேப்டாப்போடு ஒரு அனலிஸ்ட் உட்கார்ந்திருப்பார், அவர் வேலை அது. மேட்ச் அதிகாரிகள் வந்து சொல்வார்கள் என்று காத்திருப்பது நம்ம பக்கத்து ஐந்தாவது டிவிஷன் டீமே செய்யாது.

(அப்படித் தப்பிப் போன இலங்கை, செப்டம்பர் 14 அன்று பாகிஸ்தானைக் கடைசிப் பந்தில் வென்று ஃபைனல் வரை போனது. 17-ம் தேதி கொழும்பு ஃபைனலில் சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கெட் எடுக்க, 50 ரன்னுக்குச் சுருண்டது. அங்கே ரன் ரேட் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.)

இனி உங்கள் கிரவுண்டுக்கு வருகிறேன். ஆளுக்கொரு விடை வந்தது என்றீர்களே, அது ஏன் என்று பார்க்காமலே சொல்லலாம், மூன்று இடத்தில்தான் சறுக்கும். முதலாவது புள்ளி. 37.1 ஓவர் என்பது கால்குலேட்டரில் 37.1 இல்லை, 37-ம் ஆறில் ஒன்றும், அதாவது 37.167. மேலே 292-க்கு வந்த விடையை தசமத்தில் எழுதினால் 37.307 என்று வரும். அதை அப்படியே பார்க்கிறவன் '37.3, இன்னும் மூணு பந்து இருக்கு' என்பான். உண்மையில் அந்த .307 ஓவர் இரண்டு பந்து கூட இல்லை. ஒரு ஓவரை எப்போதும் பந்தாக மாற்றிக்கொண்டு கணக்குப் போட்டால் இந்தச் சிக்கலே வராது: 37.1 என்றால் 223 பந்து, முடிந்தது.

இரண்டாவது, சராசரிக்குச் சராசரி எடுப்பது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக ரன் ரேட் வித்தியாசம் போட்டு, கடைசியில் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். முதல் ஆட்டம் முடிந்து இலங்கை +0.951, ஆப்கானிஸ்தான் -1.780, இந்த இரண்டையும் வைத்து இப்படிப் போட்டால் 292-க்கான கெடு 40.3 ஓவர் என்று வருகிறது. சரியான விடை 37.1. இருபது பந்து வித்தியாசம்! மொத்த ரன்னை மொத்த ஓவரால்தான் வகுக்க வேண்டும், ஏனென்றால் 39 ஓவர் ஆடிய இன்னிங்ஸுக்கும் 50 ஓவர் ஆடிய இன்னிங்ஸுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது.

மூன்றாவது ஆல் அவுட், நம்ம ஊர் டோர்னமெண்ட்டில் சண்டை அதிகம் இதில்தான். எட்டு ஓவர் ஆட்டத்தில் ஒரு டீம் 5.2 ஓவரில் 40-க்கு ஆல் அவுட் என்று வையுங்கள். 5.2-ஆல் வகுத்தால் 7.50 என்று அழகான ரன் ரேட் வரும், கேப்டன் அதைத்தான் பிடித்துக்கொண்டு 'அண்ணே, நல்லா பாருண்ணே' என்பார். சரியானது எட்டால் வகுத்து 5.00. விக்கெட்டைத் தொலைத்தவனுக்கு அந்த இரண்டு ஓவர் நாலு பந்தை யாரும் திருப்பித் தருவதில்லை. எதிரணியின் பவுலிங் கணக்கிலும் அதே எட்டு ஓவர்தான் ஏற வேண்டும், இதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்குக் கேட்டால், எட்டு ஓவர் ஆட்டத்துக்கு நெட் ரன் ரேட்டை முதல் தீர்ப்பாக வைக்கவே கூடாது. இரண்டு ஆட்டத்துக்கு மொத்தம் பதினாறு ஓவர், ஒருவன் கடைசி ஓவரில் மூன்று சிக்ஸர் கொடுத்தால் அட்டவணையே தலைகீழ். இரண்டு டீம் மட்டும் சமமாக நின்றால் அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் மேலே என்று வைத்துவிடுங்கள். பெரிய டோர்னமெண்ட்டிலேயே இது நடந்திருக்கிறது: 2012 ஆசியக் கோப்பையில் இந்தியாவும் வங்கதேசமும் ஒரே புள்ளியில் நின்றபோது, இந்தியாவை வென்றிருந்த காரணத்தால் வங்கதேசம் ஃபைனலுக்குப் போனது. அந்த ஆட்டம்தான் மார்ச் 16 அன்று மிர்பூரில் சச்சின் நூறாவது சதம் அடித்த ஆட்டம். நாம் சதத்தைக் கொண்டாடினோம், ஃபைனலைக் கோட்டைவிட்டோம். மூன்று டீமும் ஒருவரை ஒருவர் வென்று வட்டமாக நிற்கும்போது மட்டும் இந்த வழி உதவாது, லாகூரில் இருந்ததும் அந்த வட்டம்தான், அப்போது ரன் ரேட் தவிர வேறு கதியில்லை.

மழை பற்றியும் கேட்டிருந்தீர்கள். முடிவு இல்லாமல் கைவிட்ட ஆட்டம் கணக்கிலேயே வராது. அதே 2023-ல் பல்லேகலேயில் இந்தியா பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த 266 அப்படித்தான் காற்றோடு போனது. டக்வொர்த் லூயிஸ் போட்டு இலக்கை மாற்றி முடிவு வந்திருந்தால், முதலில் ஆடிய அணிக்கு அது அடித்த ரன் சேராது, திருத்திய இலக்குக்கு ஒரு ரன் குறைவாகச் சேரும். இலங்கை பாகிஸ்தானை வென்ற ஆட்டத்தில் இருவரும் 42 ஓவரில் 252, இலக்கும் 252 என்பதால் இலங்கைக்கு வெற்றி, பாகிஸ்தான் கணக்கில் 251. கார்ப்பரேஷன் கிரவுண்டில் இதெல்லாம் வேண்டாம், மழை வந்தால் ஓவரைக் குறைத்துப் புதுசாக ஆரம்பியுங்கள்.

டீம் வராமல் வாக்ஓவர் கொடுத்தால் என்ன செய்வது என்பதுதான் நீங்கள் கடைசியாகக் கேட்டது. ஐ.சி.சி. விதியில் வராத டீமுக்கு அதன் இன்னிங்ஸின் முழு ஓவரும் ரன் ஏதும் இல்லாமல் கணக்கில் ஏறும், வந்து காத்திருந்த டீமின் ரன் ரேட்டைத் தொடமாட்டார்கள். அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என்ட்ரி ஃபீஸ் வாங்கும்போதே கேப்டன்களிடம் இந்த விதிகளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஸ்கோர் எழுதுகிற பையனுக்கு மதியச் சாப்பாடும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், வெயிலில் பசியோடு உட்கார்ந்தவன் வைடை எண்ண மறந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் தேறாது.